பெண் பிள்ளைகளிடையே ஓரங்கட்டுதல்: பள்ளிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளில் மாணவர் ஆலோசகராகப் பணியாற்றிவரும் எனக்கு ஆசிரியர்களிடமிருந்தும் தலைமையாசிரியர்களிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு முறையும் அவசரத்தில் பாதிப் பதில் சொல்லி அனுப்புவதைவிட, அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி நிதானமாகப் பதில் தருவது மேல் என்று தோன்றியது. அடிதடி, பொருள்களைப் பறித்தல் போன்றவை இங்கே இடம்பெறவில்லை. பேசாமல் இருப்பது, சேர்த்துக்கொள்ளாமல் விடுவது, புறம்பேசுவது, "இனி நீ என் தோழி இல்லை" என்று மிரட்டுவது ஆகிய வழிகளில் ஒரு மாணவியைத் தனிமைப்படுத்துவது பற்றி மட்டுமே எழுதியிருக்கிறேன். சுருக்கம் கருதி இதை ஓரங்கட்டுதல் என்று குறிப்பிடுகிறேன்.

"பெண் பிள்ளைகளுக்குள் இதெல்லாம் சகஜம்தானே? இன்று சண்டை போடுவார்கள், நாளை சேர்ந்துகொள்வார்கள். இதற்கெல்லாம் பள்ளி தலையிட வேண்டுமா?"

சண்டையும் சமாதானமும் சகஜம்தான். மனத்தாங்கலில் டூ விட்டுக்கொண்ட இரண்டு தோழிகள் மூன்றாம் நாள் தாமாகவே சேர்ந்துகொண்டால் அதில் பள்ளிக்கு வேலை இல்லை. அப்படிப் பிணங்கிச் சேர்ந்துதான் பிள்ளைகள் உறவு பேணக் கற்கிறார்கள். ஓரங்கட்டுதல் அந்த வகையைச் சேர்ந்ததன்று. மாணவர்கள் சக மாணவர்களுக்கு இழைக்கும் பள்ளிக் கொடுமைகளை 1970களிலிருந்து ஆராய்ந்த டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர் நார்வேயில் வகுத்துத் தந்த மூன்று அடையாளங்களையே இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரு தரப்புக்கும் பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது.

இவற்றுள் மூன்றாவதையே பெரியவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். இங்கே பலம் என்பது, ஒருத்தி எழுந்து போனால் எத்தனை பேர் அவள் பின்னால் போவார்கள் என்பதுதான். சாதாரணச் சண்டையில் இரண்டு பக்கமும் ஆள் இருக்கும். ஓரங்கட்டுதலில் ஒரு பக்கம் ஒருத்தி, மறுபக்கம் மற்ற எல்லோரும். எனக்கு ஐயம் வரும்போது நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பிணக்கு நாளையே முடிய வேண்டும் என்று இந்த மாணவி விரும்பினால், அதற்கு அவளால் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? ஒன்றுமே இல்லையென்றால் பெரியவர்கள் தலையிட்டே ஆக வேண்டும்.

"பெண்கள்தானே இப்படிச் செய்கிறார்கள்? பையன்கள் அடித்துக்கொண்டு அத்தோடு மறந்துவிடுகிறார்களே?"

இந்த எண்ணத்துக்கு ஓரளவு ஆய்வுப் பின்னணி இருக்கத்தான் செய்தது. 1988இல் பின்லாந்தில் கிர்ஸ்டி லாகர்ஸ்பெட்ஸ் குழுவினர் 11, 12 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்விலும், 1995இல் அமெரிக்காவில் நிக்கி கிரிக், ஜெனிஃபர் குரோட்பீட்டர் வெளியிட்ட ஆய்விலும், உறவுகளை ஆயுதமாக்கும் வழக்கம் பெண் பிள்ளைகளிடம் கூடுதலாகத் தென்பட்டது. ஆனால் 2008இல் நோயல் கார்டு குழுவினர் 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆண் பெண் வேறுபாடு மிக மிகச் சிறியது என்று தெரிந்தது. பையன்களும் ஓரங்கட்டுகிறார்கள், அவர்களிடம் அடிதடியும் சேர்ந்திருப்பதால் நம் கண் அதன்மேலேயே நிற்கிறது.

அப்படியிருந்தும் பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே எழுதக் காரணம், அவர்களிடையே இரகசியங்களைப் பகிர்ந்துகொள்ளும் நெருங்கிய நட்புகள் அதிகம் என்பதுதான். நட்பு முறியும்போது பகிர்ந்த இரகசியமே ஆயுதமாகிவிடுகிறது. இன்னொன்றையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: "பெண்கள் என்றாலே இப்படித்தான்" என்று மாணவிகளின் காதுபடச் சொல்லாதீர்கள். செய்பவளுக்கு அது அனுமதிச் சீட்டு. அனுபவிப்பவளுக்கு, தன் துன்பத்துக்கு மருந்தே இல்லை என்ற அறிவிப்பு.

"யாரும் தொடக்கூட இல்லையே. பேசாமல் இருப்பதால் அப்படி என்ன பாதிப்பு வந்துவிடும்?"

2003இல் நவோமி ஐசன்பெர்கர், மேத்யூ லீபர்மேன், கிப்ளிங் வில்லியம்ஸ் ஆகிய மூவரும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். கணினித் திரையில் மூவர் பந்து எறிந்து விளையாடும் ஆட்டம். சிறிது நேரத்தில் மற்ற இருவரும் தமக்குள்ளேயே எறிந்துகொண்டு, சோதனைக்கு வந்தவரை விட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் எடுத்த மூளைப் படத்தில், உடல்வலியின் வேதனையோடு தொடர்புடைய பகுதி ஒன்று கூடுதலாக இயங்குவது தெரிந்தது. முன்பின் தெரியாத இருவர் சில நிமிடங்கள் பந்து தராததற்கே இப்படியென்றால், தினமும் பார்க்கும் முகங்கள் மாதக்கணக்கில் திரும்பிக்கொள்வது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நடைமுறையில் அது காலை வேளை வயிற்றுவலியாக, அடிக்கடி எடுக்கும் விடுப்பாக, காரணமில்லாமல் குறையும் மதிப்பெண்ணாக வெளிப்படுகிறது. இடைவேளை முழுவதும் நூலகத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவியை எனக்குத் தெரியும். படிக்கும் ஆர்வம் என்று எல்லோரும் மெச்சினார்கள். ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், இருபது நிமிடமாக ஒரே பக்கம் திறந்திருந்தது. அடிபட்டவளுக்கு அடித்தது யார் என்றாவது தெரியும். இவளுக்கோ "நான் என்ன செய்தேன்?" என்ற கேள்விக்கு விடையே கிடைப்பதில்லை, நாள் முழுதும் அதைத் தேடுவதிலேயே கழிந்துவிடுகிறது.

"என் வகுப்பில் அப்படி ஒன்றும் இல்லை. என் முன்னால் எல்லோரும் நன்றாகத்தான் பழகுகிறார்கள். நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

பாடம் நடக்கும்போது பார்த்தால் தெரியாது. பாடத்துக்கும் பாடத்துக்கும் இடையில், ஆய்வகத்துக்கு நடந்து போகையில், "இரண்டு இரண்டு பேராகச் சேருங்கள்" என்று நீங்கள் சொன்ன பிறகு வரும் அரை நிமிடத்தில் பாருங்கள். ஒருமுறை கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றபடி நான் கண்டது இது. ஒரு மாணவி உள்ளே வருகிறாள். பெஞ்சில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. அவள் நெருங்குவதற்குள் பக்கத்தில் இருப்பவள் தன் பையை எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல், அந்த இடத்தில் வைக்கிறாள். வந்தவள் நிற்காமல், அங்கே போக நினைக்கவே இல்லை என்பதுபோல, நேரே கடைசிக்கு நடக்கிறாள். எல்லாம் மூன்று வினாடி. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த ஆசிரியர் திரும்பியபோது எல்லோரும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள்.

கண்ணால் பார்ப்பதோடு, எழுதிக் கேட்பதும் உதவும். ஜேக்கப் மொரேனோ 1930களில் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சனில் இருந்த பெண்கள் பயிற்சிப் பள்ளியில் யார் யாரோடு இருக்க விரும்புகிறார்கள் என்று கேட்டு, பெயர்களைக் கோடுகளால் இணைத்து வரைபடமாக்கினார். வகுப்பாசிரியரும் இதைச் செய்யலாம்: "அடுத்த செயல்திட்டத்தை யாரோடு சேர்ந்து செய்ய விரும்புகிறாய்? மூன்று பெயர் எழுது." யாருமே பெயர் எழுதாத மாணவி வரைபடத்தில் தனியே நிற்பாள். ஆனால் "யாரோடு சேர விருப்பமில்லை?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே வகுப்பில் பேச்சாகிவிடும். தாள்களையும் மாணவிகள் எடுத்துப் பார்க்க முடியாத இடத்தில் வைத்திருங்கள்.

"ஒரு மாணவி என்னிடம் வந்து அழுதால் முதலில் என்ன செய்ய வேண்டும்?"

உட்காரச் சொல்லுங்கள், முடிக்கும்வரை கேளுங்கள். "நீ ஏதாவது செய்திருப்பாய்", "கண்டுகொள்ளாமல் விடு", "வேறு தோழிகளைத் தேடிக்கொள்" ஆகிய மூன்றையும் சொல்லாமல் இருந்தாலே பாதி உதவி செய்தவராவீர்கள். "நான் என்ன செய்தேன்?" என்ற தேடலை அவள் ஏற்கெனவே நூறு முறை செய்து பார்த்திருப்பாள். யார், எங்கே, எத்தனை நாளாக, அப்போது அருகில் யார் இருந்தார்கள் என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்குத் தெரியாமல் எதுவும் செய்ய மாட்டேன்" என்று சொல்லலாம். நீங்கள் தலையிட்டால் எது நடந்துவிடும் என்று அவள் பயப்படுகிறாள் என்பதையும் கேளுங்கள், அவளுக்கு அந்தக் கூட்டத்தை உங்களைவிட நன்றாகத் தெரியும். அடுத்து எப்போது சந்திப்பது என்பதை அப்போதே முடிவு செய்து, இரண்டு நாளுக்குள் நீங்களே அவளைக் கூப்பிடுங்கள். ஒருமுறை சொல்லியும் ஒன்றும் நடக்காவிட்டால் அவள் மறுபடி யாரிடமும் வாய் திறக்க மாட்டாள்.

"'நான் இல்லாமல் போனால்தான் எல்லோருக்கும் நிம்மதி' என்று எழுதி வைத்திருக்கிறாள். கவனத்தை ஈர்க்கச் சொல்கிறாளா?"

அப்படி எடுத்துக்கொள்ளவே கூடாது. சாவைப் பற்றிய பேச்சு எந்த வடிவில் வந்தாலும் அன்றைக்கே, அந்த மணிநேரமே செயல்பட வேண்டும். அவளைத் தனியே விடாமல், "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா?" என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பது புதிதாக அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. பெரும்பாலும் மனப்பாரத்தை இறக்கவே உதவுகிறது. பெற்றோருக்கும் பள்ளித் தலைமைக்கும் உடனே தெரிவித்து, மனநல மருத்துவரிடமோ பயிற்சி பெற்ற உளவியலாளரிடமோ அன்றே கொண்டு சேருங்கள். யார் ஓரங்கட்டினார்கள் என்ற விசாரணை அதற்குப் பிறகு.

"இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து, மன்னிப்புக் கேட்கச் சொல்லி, கை குலுக்க வைத்துவிட்டால் முடிந்துவிடாதா?"

நானும் பணியில் சேர்ந்த புதிதில் அதைத்தான் செய்தேன். ஒரு மாணவியையும் அவளை ஒதுக்கிய மூவரையும் என் அறைக்கு அழைத்துப் பேசவைத்தேன். மூவரும் அழகாக மன்னிப்புக் கேட்டார்கள், ஒருத்தி கண்ணீர்கூட விட்டாள். மனநிறைவோடு அனுப்பிவைத்தேன். மறுநாளிலிருந்து அந்த மாணவி வகுப்பில் வாய் திறந்தபோதெல்லாம் யாராவது ஒருத்தி, "பார்த்துப் பேசுங்கள், புகார் போய்விடும்" என்று மெதுவாகச் சொன்னாள். மூவரால் ஒதுக்கப்பட்டிருந்தவளை முப்பது பேர் ஒதுக்கினார்கள். அதற்குக் காரணம் நான். அந்தப் பெண் பின்னர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "மிஸ், ஏன் அவர்களை என் முன்னால் கூப்பிட்டீர்கள்?" என்பதுதான்.

சமபலம் உள்ள இருவரிடையே சமரசம் பேசலாம். பலம் சமமாக இல்லாதபோது, அந்த நாற்காலிகளில் ஒன்றில் பயம்தான் உட்கார்ந்திருக்கும். மாணவர்களையே நடுவர்களாக்கும் ஏற்பாட்டையும் இதே காரணத்தால் இத்தகைய நேரங்களில் தவிர்க்க வேண்டும். கட்டாயத்தில் கேட்கும் மன்னிப்பு, கேட்டவளிடம் ஒரு கணக்கைத் தொடங்கிவைக்கிறது.

"அப்படியானால் செய்தவர்களிடம் எப்படித்தான் பேசுவது?"

ஒவ்வொருத்தியாக, தனித்தனியே, ஒருத்தி வெளியே போனதும் அடுத்தவள் உள்ளே வரும்படி, இடையில் கூடிப் பேச நேரம் தராமல். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் அனடோல் பிகாஸ் வகுத்த முறை எனக்குப் பெரிதும் கைகொடுத்திருக்கிறது. குற்றம் சாட்டித் தொடங்காமல், கவலையைப் பகிர்ந்து தொடங்குவது அது. "வகுப்பில் ஒருத்தி மிகவும் வேதனையில் இருக்கிறாள் என்று கவலைப்படுகிறேன். உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்த மௌனம் நீளும், நீங்கள் நிரப்பாதீர்கள். "ஆமாம், தனியாகத்தான் இருக்கிறாள்" என்ற அளவுக்கு அவள் வந்ததும், "இதை மாற்ற நீ என்ன செய்ய முடியும்?" என்று கேளுங்கள். அவள் வாயிலிருந்து சிறியதாக ஏதாவது வரட்டும். ஒரு வாரத்தில் மறுபடி கூப்பிட்டு, சொன்னதைச் செய்தாளா என்று கேட்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது.

தனியே பேசும்போது இன்னொன்றும் தெரியவரும். கூட்டத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர், அடுத்தது தாங்களாகிவிடுவோமோ என்ற பயத்தில்தான் அங்கே நிற்கிறார்கள். ஆனால் கொடுமை கடுமையாக இருந்தாலோ நிறுத்தச் சொல்லியும் தொடர்ந்தாலோ, "நீ செய்வது இது, இது இன்றோடு நிற்க வேண்டும்" என்று நேராகச் சொல்ல வேண்டும். இதமான முறை எல்லா நேரத்துக்கும் பொருந்தாது.

"'யாரோடு பேசுவது, யாரோடு பேசாமல் இருப்பது என்பது என் இஷ்டம்' என்கிறாள். அதற்கு என்ன பதில் சொல்வது?"

அவள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டும். யாரையும் தோழியாக்கிக்கொள்ளும்படி எந்தப் பள்ளியும் கட்டளையிட முடியாது. மனத்துக்குப் பிடித்தவர்களோடு நெருங்கியிருப்பது அவளுடைய உரிமை.

ஆனால் வகுப்பறை அவளுடைய நட்பு வட்டம் இல்லை. அங்கே உட்கார இடம், கேட்ட கேள்விக்குப் பதில், குழுவேலையில் பங்கு, விளையாட்டில் ஒரு முறை என்பவை அந்த வகுப்பில் பெயர் எழுதப்பட்ட எல்லோருக்கும் உரியவை. யாருடைய இஷ்டத்தையும் பொறுத்து அவற்றைக் கொடுக்கவோ மறுக்கவோ முடியாது. நான் மாணவிகளிடம் இப்படித்தான் சொல்வது: "நீ அவளோடு நெருங்கிப் பழகத் தேவையில்லை. பையை வைத்து இடத்தை மறைக்கக் கூடாது. அவளோடு பேசாதே என்று இன்னொருத்தியிடம் சொல்லக் கூடாது." தான் விலகியிருப்பது ஒருத்தியின் தெரிவு, மற்றவர்களையும் விலகியிருக்கச் செய்வது ஓரங்கட்டுதல். இந்த எல்லைக்கோட்டைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள்.

"முன்னின்று செய்கிறாள் என்று நீங்கள் சொல்லும் பெண் வகுப்பிலேயே முதல் மாணவி. எல்லா ஆசிரியருக்கும் வேண்டியவள். நம்ப முடியவில்லையே?"

நம்புங்கள். ஒருவரைப் பிறர் விரும்புவதும் ஒருவருக்குச் செல்வாக்கு இருப்பதும் வேறுவேறு என்று இத்துறை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். ஓரங்கட்டுவதை நடத்திவைக்க மனிதர்களைப் படிக்கும் திறமை வேண்டும், பேச்சுத் திறமை வேண்டும், எப்போது நிறுத்துவது என்ற கணிப்பும் வேண்டும். இவை எல்லாம் ஆசிரியருக்குப் பிடித்தமான மாணவியிடம் இருக்கக்கூடியவையே. நாம் தரும் வகுப்புத் தலைவி பதவியும் விழா மேடையில் முதலிடமும் அந்தச் செல்வாக்கைக் கூட்டுகின்றன என்பதை மறக்கக் கூடாது. அதற்காக அவளை எல்லோர் முன்பும் தலைகுனியவைக்கச் சொல்லவில்லை. பிறரைச் சேர்த்துக்கொண்டு போவதைப் பொறுத்தே அத்தகைய பொறுப்புகள் கிடைக்கும் என்பது வகுப்புக்கு விளங்கும்படி நடந்துகொண்டால், அந்தத் திறமையே வேறு வழியில் பயன்படத் தொடங்குவதைப் பார்க்கலாம்.

"மற்ற மாணவிகள் எதிலும் கலந்துகொள்ளாமல் சும்மாதானே இருக்கிறார்கள்? அவர்களை ஏன் இதில் இழுக்க வேண்டும்?"

சும்மா இருப்பவர் என்று யாரும் இல்லை என்பதே இதில் நான் கற்ற முதன்மையான பாடம். 1996இல் பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி குழுவினர், ஒரு வகுப்பில் கொடுமை நடக்கும்போது செய்பவர், அனுபவிப்பவர் தவிர, கூட நின்று உதவுபவர், சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கி நிற்பவர், பாதிக்கப்பட்டவருக்காக நிற்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருப்பதைக் காட்டினார்கள். ஓரங்கட்டுதலில் இது இன்னும் உண்மை. தள்ளிவிட ஒரு கை போதும். ஒதுக்கிவைக்க எல்லோருடைய மௌனமும் வேண்டும்.

2001இல் வெளியான ஒரு கனடா ஆய்வு, தொடக்கப் பள்ளி விளையாட்டுத் திடல்களில் நடந்தவற்றைப் படம்பிடித்துப் பார்த்தது. 88 விழுக்காட்டு நிகழ்வுகளில் சக மாணவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். 19 விழுக்காட்டில் மட்டுமே யாராவது தலையிட்டார்கள். ஆனால் தலையிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் பத்து வினாடிக்குள் கொடுமை நின்றுவிட்டது. இதைச் சொன்னதும் சிலர் மாணவிகளிடம், "தைரியமாக எதிர்த்துக் கேளுங்கள்" என்று அறிவுரை சொல்லத் தொடங்குகிறார்கள். அது எல்லாப் பிள்ளைகளாலும் முடியாது. முடியக்கூடியவற்றைக் கேளுங்கள்: பரவும் பேச்சைத் தன்னோடு நிறுத்திக்கொள்வது, காலியிடத்தைக் கண்ணால் காட்டுவது, "வா, சேர்ந்து போகலாம்" என்பது. பின்லாந்துப் பள்ளிகளில் 2009 முதல் நாடெங்கும் பரவிய கிவா என்ற கொடுமைத் தடுப்புத் திட்டத்தில், வகுப்பில் நல்ல இடம் பெற்ற இரண்டு முதல் நான்கு மாணவர்களைத் தனியே அழைத்து, பாதிக்கப்பட்டவருக்குத் துணையாக இருக்கக் கேட்டுக்கொள்வது ஓர் அங்கம். செல்வாக்குள்ள ஒருத்தி இரண்டு நாள் சேர்ந்து நடந்தால் போதும், மற்றவர்கள் தாமாகவே வழிவிடுகிறார்கள்.

"இதற்கெல்லாம் எனக்கு நேரமில்லை. பாடம் நடத்தியபடியே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?"

உண்டு. "உங்களுக்குப் பிடித்தவர்களோடு குழு சேருங்கள்" என்று சொல்வதை இன்றே நிறுத்துங்கள். வகுப்பின் முன்னால் ஒருத்தியைத் தனியே நிற்கவைக்க இதைவிட உறுதியான வழி இல்லை. செய்வது மாணவிகள் என்றாலும் மேடை போட்டுக் கொடுப்பது நாம். குழுக்களையும் இருக்கைகளையும் நீங்களே தீர்மானியுங்கள், சில வாரங்களுக்கு ஒருமுறை வகுப்பு முழுவதற்கும் மாற்றுங்கள். ஒருத்திக்காக மட்டும் மாற்றினால் எல்லோருக்கும் காரணம் புரிந்துவிடும்.

இன்னும் ஒரு படி போக விரும்பினால், எலியட் அரோன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய முறையைப் பாருங்கள். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுத்து, மற்றவர்களுக்குச் சொல்லித்தரச் செய்வது அது. யாரும் பேசாத மாணவியிடம் இருக்கும் துண்டு இல்லாமல் யாராலும் பாடத்தை முடிக்க முடியாது.

"வாட்ஸ்அப் குழுவில் வீட்டிலிருந்து செய்கிறார்கள். பள்ளிக்கு வெளியே நடப்பதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும்?"

இரவு ஒன்பது மணிக்கு ஒருத்தியை மட்டும் நீக்கிவிட்டுப் புதிய குழு தொடங்கினால், காலை ஒன்பது மணிக்கு அவள் வகுப்பறைக்குள் வரும்போது அந்தக் குழுவும் கூடவே வந்துவிடுகிறது. அவளுக்குப் புரியாத சிரிப்பாக, அவள் வந்ததும் நின்றுபோகும் பேச்சாக. அந்த விளைவு பள்ளிக்குள் நிகழ்வதால் அதற்குப் பள்ளி பொறுப்பேற்க வேண்டும். செய்திகளின் திரைப்பிடிப்பை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆனால் மாணவிகளின் கைபேசியை வாங்கி நீங்களே துழாவ வேண்டாம். அது பெற்றோர் முன்னிலையில் நடக்க வேண்டியது. அந்தரங்கப் படமோ மிரட்டலோ பரவியிருந்தால் அது ஓரங்கட்டுதல் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. படத்தை யாருக்கும் அனுப்பாமல் பள்ளித் தலைமை வழியாகச் சட்டப்படியான உதவியை உடனே நாட வேண்டும்.

"பேசாமல் பாதிக்கப்பட்ட பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றிவிடலாமா?"

அவளும் பெற்றோரும் கேட்டால் மாற்றலாம். பள்ளி தன் வசதிக்காக மாற்றக் கூடாது. அவள் வெளியேறினால் ஒதுக்கியவர்களின் தீர்ப்பைப் பள்ளியே நிறைவேற்றியதாகிவிடும், அந்த வகுப்பில் காலியான இடத்துக்கு வேறொருத்தி தேர்ந்தெடுக்கப்படுவாள். பிரிக்கத்தான் வேண்டும் என்றால், முன்னின்று செய்தவளை மாற்றுவது பற்றி முதலில் யோசியுங்கள்.

"செய்த பெண்ணின் பெற்றோர், 'என் மகள் அப்படிச் செய்யவே மாட்டாள்' என்று சண்டைக்கு வருகிறார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் அம்மாவோ அவர்களை நேரில் பார்த்துப் பேசப் போகிறேன் என்கிறார்."

இரண்டாவதை முதலில் தடுங்கள். தாயும் தாயும் மோதிக்கொண்ட பிறகு பிள்ளைகளுக்கிடையே எதையும் சரிசெய்வது மிகவும் கடினம். "இதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும், வெள்ளிக்கிழமைக்குள் உங்களிடம் நானே பேசுகிறேன்" என்று நாள் குறிப்பிட்டுச் சொல்லி, அந்த நாளில் பேசவும் வேண்டும்.

செய்தவளின் பெற்றோரிடம் அடைமொழிகள் வேண்டாம். "உங்கள் மகள் பொல்லாதவள்" என்ற பொருள்படும் எந்தச் சொல்லும் வந்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கண்டதைத் தேதியோடு மட்டும் சொல்லுங்கள்: எந்த நாள், எந்த இடம், என்ன நடந்தது. அழுத மாணவியிடம் கேட்டதை எழுதி வைக்கச் சொன்னது இந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான்.

"விசாரித்தால் இரண்டு பக்கமும் செய்திருக்கிறார்கள். போன ஆண்டு ஒதுக்கப்பட்டவள்தான் இந்த ஆண்டு ஒதுக்குகிறாள். யாருக்காக நிற்பது?"

இது அரிதானதன்று. ஒருமுறை வெளியே நின்றவளுக்கு உள்ளே இருப்பதன் அருமை தெரியும். அதைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருத்தியை வெளியே தள்ளவும் துணிந்துவிடுகிறாள். பழைய காயத்தைக் கேட்டு ஆற்ற வேண்டும், இன்றைய செயலை நிறுத்தவும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை விடக் கூடாது. யார் தொடங்கியது என்று பின்னோக்கிப் போனால் அதற்கு முடிவே இருக்காது. முதல் பதிலில் சொன்ன கேள்வியை இன்றைய நிலைக்குப் பொருத்திப் பாருங்கள்: இப்போது யார் கையில் ஒன்றுமே இல்லை?

"ஆண்டுக்கு ஒருநாள் விழிப்புணர்வு நாள் நடத்துகிறோம். பேச்சாளரை அழைக்கிறோம். அது போதாதா?"

யுனெஸ்கோ அறிவித்தபடி 2020 முதல் ஆண்டுதோறும் நவம்பர் முதல் வியாழக்கிழமை பள்ளி வன்முறைக்கு எதிரான நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நடத்துங்கள், ஆனால் அதன்மேல் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மரியா டோஃபி, டேவிட் ஃபாரிங்டன் இருவரும் 2011இல் 44 கொடுமைத் தடுப்புத் திட்டங்களின் மதிப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கொடுமை சராசரியாக 20 முதல் 23 விழுக்காடு வரை குறைந்திருந்தது. நீண்ட காலம் தீவிரமாக நடத்தியவையும், பெற்றோரைச் சேர்த்துக்கொண்டவையும், விளையாட்டுத் திடலில் மேற்பார்வையைக் கூட்டியவையுமே கூடுதல் பலன் தந்தன. பள்ளியின் விதிகளிலும் "கொடுமை கூடாது" என்று பொதுவாக எழுதுவது பயன்படாது. பேச வேண்டாம் என்று பிறரைத் தூண்டுதல், வதந்தி பரப்புதல், வேண்டுமென்றே குழுவிலிருந்து விலக்குதல் என்று செயல்களைப் பெயர் சொல்லி எழுதினால்தான் ஆசிரியர் அதைச் சுட்டிக்காட்டிப் பேச முடியும்.

"எல்லாம் செய்துவிட்டோம், வகுப்பும் நன்றாக மாறிவிட்டது. ஆனால் அந்த ஒரு பெண் மட்டும் முன்பைவிட மோசமாக இருக்கிறாள். ஏன்?"

மிக நல்ல கேள்வி, பலரும் இந்தக் கேள்வி வரை வருவதில்லை. பின்லாந்து, நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதே புதிரைக் கண்டிருக்கிறார்கள்: கொடுமை குறைந்த வகுப்பில் எஞ்சியிருக்கும் ஓரிருவர், கொடுமை மலிந்த வகுப்பில் இருப்பவர்களைவிடக் கூடுதலாக வாடிப்போகிறார்கள். முன்பு தன்னைப்போல் இன்னும் சிலர் இருந்தார்கள்; இப்போது எல்லோரும் நலமாக இருக்கையில் தனக்கு மட்டும் இப்படியென்றால், குறை தன்னிடம்தான் என்று முடிவுகட்டிவிடுகிறாள். எனவே சராசரி எண்ணிக்கை குறைந்ததைக் கண்டு ஆறுதல் கொள்ளாமல், பெயர் பெயராகப் பாருங்கள். பேர் எழுதும் அந்தத் தாளை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவளுக்கு இப்போது வகுப்பு முழுவதும் தேவையில்லை, ஒரே ஒரு தோழி போதும். வேறு பிரிவிலோ விளையாட்டு அணியிலோ இசைக் குழுவிலோ அவளோடு ஒத்த ஆர்வமுள்ள ஒருத்தியை அடிக்கடி சந்திக்கும் ஏற்பாட்டைச் செய்து கொடுக்கலாம்.

"எப்போது முடிந்தது என்று எடுத்துக்கொள்வது?"

பாதிக்கப்பட்டவளிடம் ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், பருவம் முடியும்போது என மூன்று முறையாவது தனியே பேசுங்கள். "எல்லாம் சரியாகிவிட்டதா?" என்று கேட்டால் "சரியாகிவிட்டது" என்றுதான் பதில் வரும், அவளும் உங்களை வருத்த விரும்ப மாட்டாள். "நேற்று இடைவேளையில் எங்கே இருந்தாய்? யார் கூட இருந்தார்கள்?" என்று கேளுங்கள். வகுப்பறை வாசலில் நின்று யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறாளா, நேரே உள்ளே வருகிறாளா என்றும் கவனியுங்கள்.

கோப்பை மூடிவிட வேண்டாம். நீண்ட விடுமுறைக்குப் பிறகும், பிரிவுகளைக் கலைத்து அமைக்கும்போதும், சுற்றுலாவுக்குப் பேருந்தில் இடம் ஒதுக்கும்போதும் இது மீண்டும் தலைதூக்கும். யார் யாரை ஒரே பிரிவில் போடக் கூடாது, யார் அவளுக்குத் துணையாக இருந்தாள் என்ற குறிப்பு, புதிய கல்வியாண்டின் பட்டியல் தயாராவதற்கு முன்பே அடுத்த வகுப்பாசிரியரின் கையில் இருக்க வேண்டும்.